இரண்டு இருக்கைக் கயாக்

என் அண்ணனும் அண்ணியும் எட்டு வருடம் ஒரே கயாக்கில், ஒரு சின்னத் துடுப்புப் படகில், போய் நண்டு பிடித்தார்கள். அந்த எட்டு வருடத்தில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு வார்த்தை பேசி நான் பார்த்ததில்லை. வெளியாட்களிடம் சொன்னால் காதில் பூ சுற்றுகிறேன் என்பார்கள். கழிமுகத்தில் வேலை செய்பவர்களுக்கோ இது ஒரு செய்தியே இல்லை. காலையில் அந்த மஞ்சள் கயாக் பாலத்துக்கு அடியில் தெரிந்ததும், "ஊமைப்படம் வந்தாச்சு" என்று நண்டுக் கொட்டகையில் யாராவது ஒருவர் சொல்வார். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், அதை எதற்கு மறைக்க வேண்டும்.

நான் அந்தக் கொட்டகையில் நண்டு கட்டுகிறவன். உயிர் நண்டின் கொடுக்குகளை மடக்கி, உடம்போடு சேர்த்து நூலால் இறுக்கிக் கட்டி, ஈரச் சாக்கு விரித்த பெட்டியில் அடுக்க வேண்டும். இருபத்திரண்டு வருடமாக அதே ஸ்டூல், அதே ஈரத் தரை. கடி வாங்காத விரல் என்னிடம் ஒன்றுகூட இல்லை. எல்லோரும் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள் அங்கே. ஐஸ் உடைக்கும் இயந்திரம் ஓடும்போது பக்கத்தில் நிற்பவன் என்ன சொல்கிறான் என்று அவன் வாயைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தக் கயாக் வந்த கதை சுருக்கமானது. அண்ணன் பதினெட்டு வருடம் இயந்திரப் படகில், டீசல் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேலை பார்த்தவன். முதலாளி தொழிலை விட்டுவிட்டுப் போனபோது இவன் நடுத்தெருவில் நின்றான். அதே சமயம் ஆற்றங்கரையில் ஒரு சுற்றுலா விடுதியை மூடினார்கள். அங்கே வெயிலில் வெளுத்துக் கிடந்த இரண்டு பேர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக்கை அண்ணனும் அண்ணியும் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். விளையாட்டுச் சாமானை வைத்துக்கொண்டு தொழில் செய்யப் போகிறார்களாம் என்று கொட்டகையே கேலி பண்ணியது. ஆனால் எஞ்சின் படகு நுழைய முடியாத முழங்கால் ஆழத் தண்ணீரில் அது சறுக்கிக்கொண்டு போனது. சேற்றுத் திட்டுகளுக்கு நடுவே ஓடும் சின்ன வாய்க்கால்களில்தான் கனத்த நண்டு கிடக்கும். அடுத்த வருடம் கேலி பண்ணியவர்கள் பாதிப் பேர் கயாக் தேடி அலைந்தார்கள்.

வேலை இப்படி. முன் இருக்கையில் அண்ணன், பின் இருக்கையில் அண்ணி. துடுப்பு அண்ணியின் பொறுப்பு, தண்ணீருக்குள் கிடக்கும் நண்டுக் கூண்டு அண்ணனின் பொறுப்பு. ஒவ்வொரு கூண்டுக்கும் ஒரு கயிறு, கயிற்று நுனியில் ஒரு மிதவை. அண்ணன் கயாக்கின் பக்கத்தில் விரலால் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நில், இரண்டு என்றால் இடப்பக்கம், மூன்று என்றால் வலப்பக்கம். எஞ்சின் படகு ஏதாவது வந்தால் அண்ணி துடுப்பின் அடியால் கயாக்கின் தரையில் ஓங்கி இடிப்பார், உடனே அண்ணன் கையை உள்ளே இழுத்துக்கொள்வான். மிதவை கைக்கு வந்ததும் அவன் ஒருமுறை தலையாட்டுவான். பிடித்துவிட்டேன், கயாக்கை அசையாமல் நிறுத்து என்று அதற்கு அர்த்தம். அண்ணி துடுப்பைச் சேற்றில் ஊன்றிக்கொள்வார். கூண்டு மேலே வரும். அளவுக்குச் சிறிய நண்டும் சினை நண்டும் தண்ணீருக்கே போகும், மற்றவை கூடைக்கு. நீர் வற்றும் நேரத்தில் சின்ன வலையை வீசிப் பொடிமீன் அள்ளுவார்கள். அதுதான் மறுநாள் கூண்டுக்கு இரை, மிஞ்சினால் வீட்டுக்கு. முன்னால் இருப்பவன் உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்த்தால் கூடையோடு எல்லாம் கவிழும். அதனால் வேலை முடியும்வரை அண்ணிக்குத் தெரிவது அண்ணனின் முதுகு மட்டும்தான்.

சண்டையும் அந்த முதுகால்தான் வந்தது. கழிமுகத்தில் யாருடைய மிதவை எங்கே கிடக்கிறதோ அந்த இடம் அவருடையது. அடுத்தவர் கூண்டைத் தூக்கினால் ஒரு வருடம் பாலத்தைத் தாண்டி ஆற்றின் மேல்பக்கம், உப்பே ஏறாததால் நண்டு அரிதான சேற்று வாய்க்காலுக்குப் போய்விட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எழுதி வைத்த சட்டத்தைவிட இறுக்கமானது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒருநாள் அண்ணனுடைய கூண்டுகளோடு ஒரு பச்சைக் கயிற்றுக் கூண்டும் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. அது குடைக்காரருடையது. கயாக்கில் ஒரு பெரிய குடையைக் கட்டிக்கொண்டு நண்டு பிடிக்கும் ஆசாமி அவர்.

"என் கயிறு மேல அது சுத்திக்கிட்டு வந்துச்சு, கரையில வந்து பிரிச்சுத் தரலாம்னு எடுத்துட்டு வந்தேன்" என்றான் அண்ணன். குடைக்காரர் வாயே திறக்கவில்லை. கொட்டகை மேஸ்திரி அண்ணியைப் பார்த்து, "நீதானம்மா பின்னாடி இருந்த, நீ சொல்லு" என்றார்.

அண்ணி பொய் சொல்லத் தெரியாத பிறவி. தெரிந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். "கயிறு சுத்தியிருந்ததை நான் பார்க்கலை. அவர் தண்ணிக்குள்ள கையை விட்டு எடுத்ததைத்தான் பார்த்தேன்" என்றார். பார்த்ததைச் சொன்னார், அவ்வளவுதான். குனிந்திருந்த அண்ணனின் முதுகு மற்றதையெல்லாம் மறைத்திருந்தது. அங்கே நின்ற முப்பது பேருக்கும் அது போதுமாக இருந்தது.

"இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்று அண்ணன் வாசலிலேயே சொன்னான். "சரி" என்றார் அண்ணி. மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒன்றாகக் கயாக்கைத் தள்ளிக்கொண்டு சேற்று வாய்க்காலுக்குப் போனார்கள். அது ஒற்றை ஆளால் ஓட்ட முடியாத வண்டி. வயிறு என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டில் முதலில் அவர்கள் மகள்தான் டெலிபோன். "அப்பாகிட்ட கேஸ் தீர்ந்துடுச்சுன்னு சொல்லு" என்று அப்பா இரண்டடி தள்ளி நிற்கும்போதே அண்ணி சொல்வார். மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனதும் டெலிபோன் துண்டிக்கப்பட்டது. அதன்பின் காலி சிலிண்டரை அண்ணி நடைவழியில் நிறுத்திவிடுவார், அண்ணன் தடுக்கிவிட்டுத் தூக்கிக்கொண்டு போவான். சாப்பாடு மேசையில் மூடியிருக்கும். எனக்கு இதெல்லாம் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு பேரையும் ஒரு கூண்டில் போட்டுத் தண்ணீருக்குள் இறக்கினால் என்ன என்றுகூடத் தோன்றியிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் குடைக்காரர் தொழிலை விட்டுத் தன் மகன் வீட்டோடு போய்ச் சேர முடிவு செய்தார். போகிற அன்று கொட்டகைக்கு வந்து எல்லோர் முன்னாலும் சொன்னார்: "அந்தப் பச்சைக் கயிறு விஷயம் என் தப்பு. நான்தான் அன்னைக்கு என் கூண்டை அவங்க இடத்துக்குத் தள்ளிப் போட்டேன். கயிறு சுத்திக்கும்னு எனக்குத் தெரியும். சொல்ல வாய் வரலை." சொல்லிவிட்டு, பாரத்தை இறக்கியவர் போல டீ குடித்துவிட்டுப் போய்விட்டார். அண்ணி கையில் பொடிமீன் வாளியோடு அங்கேயே நின்றிருந்தார். வாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை.

அண்ணன் வெளியே கூண்டு அலசிக்கொண்டிருந்தான். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். "என்னது?" என்றான். மறுபடி சொன்னேன். "என்னடா, கொஞ்சம் கத்திச் சொல்லேன்" என்றான். அன்றுதான் எனக்கு உறைத்தது. அவன் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கத்து ஊரில் காது மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். மருத்துவர் பொத்தானை அழுத்துவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கையைத் தூக்கினான். அவர் சிரித்துக்கொண்டே நாற்காலியைத் திருப்பிப் போட்டார். அதற்குப் பிறகு அந்தக் கை மேலே போகவே இல்லை. முகத்துக்கு நேராக நின்று கத்தினால் கொஞ்சம் பிடிபடும், முதுகுப் பக்கம் இடி இடித்தாலும் தெரியாது என்று ஆகிவிட்டிருந்தது. கயாக்கில் அண்ணி இடிப்பது இருக்கை வழியாக உடம்புக்குத் தெரிந்ததால் அதுவரை வண்டி ஓடியிருக்கிறது.

காதில் மாட்டும் கருவி வேண்டாம் என்றான். திரும்பும் வழியில் பஸ்ஸில் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "யார்கிட்டயும் மூச்சு விடாத. காது கேக்காதவனை வாய்க்கால்ல விடமாட்டாங்க, படகு ஏறிடும்னு சொல்லுவாங்க. முக்கியமா உங்க அண்ணிகிட்ட சொல்லாத. அன்னைக்குக் கொட்டகையில எல்லார் முன்னாடியும் என்னைப் பத்திச் சொன்னவ, இதையும் சொல்லிடுவா."

நான் கொஞ்ச நேரம் கழித்து அவன் முகத்தைத் திருப்பி, "குடைக்காரர் ஒத்துக்கிட்டார்னு அண்ணிக்குத் தெரியும். இன்னும் என்ன வீம்பு? பேசேன்" என்றேன். "அவ தப்புன்னு அவளுக்குத் தெரிஞ்சுபோச்சுல்ல. அவ வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். ஒரே ஒரு வார்த்தை. எனக்கு அது போதும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக நானும் காத்திருக்க ஆரம்பித்தேன்.

வாரம் போனது, மாதம் போனது, வருடமும் போனது. தினமும் காலையில் கயாக் பாலத்துக்கு அடியில் வரும்போது இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்ப்பேன். அண்ணன் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அண்ணி முகம் மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே போனது. எனக்கு அண்ணி மேல் அப்படிக் கோபம் வந்தது. தப்பு தன் மேல் என்று ஊருக்கே தெரிந்த பிறகும் இந்தப் பெண் பிள்ளைக்கு நாக்கு அசையவில்லையே, இவ்வளவு நெஞ்சழுத்தமா என்று நினைத்தேன். என் மனைவியிடம் "கல் மனசு" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு நாள், நண்டுக் கூடையை என் ஸ்டூல் பக்கம் இறக்கி வைத்துவிட்டு அண்ணி, "நான் பொண்ணு வீட்டுக்குப் போறேன் தம்பி. இனி வரமாட்டேன்" என்றார். ஏதோ சந்தைக்குப் போகிறவர் மாதிரி சொன்னார். துடுப்பைக் கழுவி வீட்டுச் சுவரில் சாய்த்துவிட்டு, துணிப்பையோடு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் அண்ணன் தனியாகக் கயாக்கை இறக்கினான். பின் இருக்கையில் ஆள் இல்லாததால் கயாக்கின் மூக்கு தண்ணீரில் அமிழ்ந்து, அது வட்டம் போட்டது. பின் இருக்கைக்கு மாறி உட்காரலாம் அல்லவா? மாட்டானாம். ஒரு மூட்டை மணலைக் கட்டி அண்ணி இடத்தில் வைத்துக்கொண்டு போனான். பாதிக் கூண்டுகளைத்தான் எடுக்க முடிந்தது. கொட்டகையில் யாரும் ஊமைப்படம் என்று சொல்லவில்லை. நான்காவது நாள் என் ஸ்டூலுக்கு முன்னால் வந்து குந்தினான்.

"அவளுக்கு என்ன கோபம்னு போய்க் கேட்டுட்டு வாடா. கூட்டிட்டு வந்துடு. காது விஷயம் மட்டும் வேண்டாம்."

மகள் வீடு இரண்டு மணி நேரப் பஸ் பயணம், மூன்றாவது மாடி. மகள் வேலைக்குப் போயிருந்தாள். அண்ணி கட்டில் மேல் துவைத்த துணிகளைக் கொட்டி மடித்துக்கொண்டிருந்தார். "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா" என்று கேட்டுவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தார். வழியெல்லாம் நான் யோசித்துக்கொண்டு வந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. அண்ணன் வேண்டாம் என்று சொன்னதையே முதலில் சொல்லிவிட்டேன்.

"அண்ணனுக்குக் காது கேக்காது அண்ணி. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு. நேருக்கு நேர் கத்தினா கொஞ்சம் புரியும். பின்னாடி இருந்து பேசினா சுத்தமாக் கேக்காது."

அண்ணியின் கை நின்றது. "பின்னாடி இருந்து பேசினா" என்று மெதுவாகத் திருப்பிச் சொன்னார். பாதி மடித்திருந்த சட்டையின் காலரைத் தடவி நேராக்கினார்.

"குடைக்காரர் சொல்லிட்டுப் போன மறுநாளே நான் பேசிட்டேன் தம்பி" என்றார். "வீட்ல முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரலை. கயாக்குல அவர் திரும்ப மாட்டார், நானும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியதில்ல. அதனால அங்க வெச்சு சொன்னேன். தப்பு என் மேலதான், மன்னிச்சிடுங்கன்னு. தோள்கூட அசையலை. கோபம் இன்னும் ஆறலை போலன்னு மறுநாளும் சொன்னேன்."

"எத்தனை நாள் அண்ணி?"

"தினமும்தான். மன்னிப்பு மட்டுமா? பொண்ணுக்குக் கரு கலைஞ்சப்ப அவர்கிட்டதான் முதல்ல சொன்னேன். எனக்கு மார்ல கட்டியோன்னு பயந்து டாக்டர்கிட்ட போனேனே, ஒண்ணும் இல்லைன்னு அவங்க சொல்ற வரைக்கும் ஒரு மாசம் தினமும் அவர்கிட்டதான் புலம்பினேன். அழுதுகிட்டே துடுப்பு போட்டிருக்கேன். அவர் பாட்டுக்கு மிதவையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தார். மனுஷனா இவர்னு நெனச்சேன்."

என்னால் அங்கே உட்கார முடியவில்லை. கல் மனசு என்று சொன்னது இந்த வாய்தானே.

"கடைசி நாள் கேட்டேன். என்னைப் பிடிக்கலைன்னா சொல்லிடுங்க, நான் பொண்ணு வீட்டுக்குப் போயிடறேன்னு. தலையாட்டினார் தம்பி."

"அப்போ அவன் கையில மிதவை இருந்துச்சா?"

அண்ணி யோசித்தார். அவர் கண்ணில் அந்த வாய்க்கால் ஓடுவது எனக்கே தெரிந்தது. "இருந்துச்சு" என்றார்.

பிறகு எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். அலமாரிக்கு மேலிருந்து துணிப்பையை இறக்கினார். "அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. நாலு மணிக்கு என்றேன். இரண்டு துணியை எடுத்து உள்ளே வைத்தவர், செருப்பைத் தேடிக் குனிந்தபடியே கேட்டார்:

"உங்ககிட்ட சொன்னவர் எங்கிட்ட ஏன் சொல்லலை?"

வெட்கப்பட்டான் என்று சொல்லியிருக்கலாம். உங்களுக்குக் கவலை கொடுக்க வேண்டாம் என்று நினைத்தான் என்று சொல்லியிருக்கலாம். இரண்டு வருடம் ஊரையே ஏமாற்றிய எனக்கு அந்த நேரத்தில் ஒரு பொய் அகப்படவில்லை. சந்தோஷத்தில் வாய் தன் பாட்டுக்குத் திறந்துகொண்டது.

"நீங்க கொட்டகையில எல்லார் முன்னாடியும் சொல்லிடுவீங்கன்னு பயந்துட்டான் அண்ணி. அன்னைக்குச் சொன்னவ இதையும் சொல்லிடுவான்னு."

செருப்பை எடுத்த கை அப்படியே நின்றது. அண்ணி நிமிர்ந்து, பையிலிருந்து அந்த இரண்டு துணியையும் வெளியே எடுத்து, மடித்த துணிகளுக்கு மேல் வைத்தார். நான் சொன்னதை எப்படியாவது திரும்ப வாங்கிக்கொள்ள வாயைத் திறந்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"டாக்டருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும். பின்னாடி உக்காந்து அவர் உயிரைக் கையில வெச்சுக்கிட்டுத் துடுப்பு போட்டவளுக்குத் தெரியக் கூடாது. எட்டு வருஷமா அவர் மனசுல நான் அந்தக் கொட்டகையிலேயேதான் நிக்கிறேன்." குரல் உயரவே இல்லை. "நான் பேசினதை அவர்கிட்ட சொல்லாதீங்க."

"அண்ணி, இது தெரிஞ்சா அவன் மனசு மாறிடும்."

"மாறும். ஐயோ பாவம்னு மாறும். அதுக்கா நான் ரெண்டு வருஷம் பேசினேன்? சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க."

பண்ணினேன். வேறென்ன செய்வது? கெடுத்தவன் நான், பேரம் பேச எனக்கு ஏது முகம்? நாலு மணிப் பஸ்ஸில் தனியாக ஏறி உட்கார்ந்தேன். யாரை வைவது என்று வழி நெடுக யோசித்தேன். அண்ணனை, குடைக்காரரை, மேஸ்திரியை எல்லாம் வைது பார்த்தேன். எவர் மேலும் அது ஒட்டவில்லை.

அண்ணன் படித்துறையில் மறுநாள் கூண்டுகளுக்கு இரை கட்டிக்கொண்டிருந்தான். கையெல்லாம் பொடிமீன் செதில். என்னைக் கண்டதும் எழுந்து, எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப் பார்த்தான். அப்புறம் என் வாயைப் பார்த்தான்.

"என்னடா சொன்னா?"

உதடு அவனுக்குத் தெளிவாகத் தெரியும்படி நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். "ஒண்ணும் சொல்லலைண்ணே."

அவன் தலையாட்டிக்கொண்டான். கீழே உட்கார்ந்து அடுத்த கூண்டை மடியில் இழுத்து வைத்துக்கொண்டான்.

"எனக்குத் தெரியும்டா" என்றான். "ரெண்டு வருஷமா தினமும் எனக்குப் பின்னாடிதான் உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை சொல்ல வாயே தெறக்கலையே அவ."